வீடு, விளை, வழி, பங்கு: குமரி மாவட்டத்தில் சொத்துத் தகராறு வந்தால் எங்கே தொடங்குவது, எப்படி நடத்துவது

பக்கத்து விளைக்காரர் (விளை என்றால் நம் பக்கத்தில் தோட்ட நிலம்) எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அல்லது தலைமுறையாக நடந்த வழியில் ஒரு நாள் காலையில் முள்வேலி கிடக்கிறது. நம்மூரில் பலரும் உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். அங்கே கேட்கிற முதல் கேள்வி, "பத்திரம் கொண்டு வந்திருக்கியளா?" என்பதுதான். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். உரிமை அவர்களுடையதாகவே இருக்கும். அதைக் காட்டும் காகிதம் அண்ணன் வீட்டுப் பெட்டியில் கிடக்கும்.

சொத்துரிமையைப் பறிகொடுத்த பலருக்கும் சட்டம் சாதகமாகவே இருந்தது. காகிதத்தைத் தேடாமல் விட்டார்கள், அல்லது நாளைக் கடத்தினார்கள். அதனால் இந்த வழிகாட்டி ஒரே வரிசையை வலியுறுத்துகிறது: முதலில் காகிதம், அடுத்து அளவு, பிறகு எழுத்தில் ஓர் அறிவிப்பு, அப்புறம் சமரசம் அல்லது வழக்கு. இந்த வரிசை மாறினால் பணமும் காலமும் வீணாகும்.

முதல் படி: காகிதங்களைத் திரட்டுவது

1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால் மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்காரருக்கும் வராத சிக்கல்கள் நமக்கு வரும். தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கலாம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதி என்றால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825-ஐயும் கூட்டுங்கள். 1110-ல் எழுதிய பத்திரம் என்றால் அது 1934 அல்லது 1935. மலையாளப் பத்திரத்தை விவரம் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரிடம் கொடுத்துத் தமிழாக்கம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வக்கீலுக்கும் நீதிமன்றத்துக்கும் அது தேவைப்படும்.

பழைய பத்திரத்தில் 'பண்டாரவகை' என்றோ 'தேவசம்' என்றோ கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டும் கோயில் சார்ந்த நிலத்தைக் குறிக்கும் சொற்கள். ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக (உரியவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டா நிலமாக) மாற்ற 1964-ல் நம் மாவட்டத்துக்கென்றே தனிச்சட்டம் வந்தது. அந்த மாற்றம் உங்கள் நிலத்துக்கு முறையாக நடந்து பட்டா வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோயில் நிலமாகவே தொடர்ந்தால், அதை யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் உரிமை நிற்காது.

திரட்ட வேண்டியவை: உங்கள் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) நகல், புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை. பத்திரம் தொலைந்திருந்தாலும் பதற வேண்டாம். பதிவான எந்தப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேடும்போது பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்து "வில்லங்கம் ஒன்றுமில்லை" என்று நம்பி வாங்குவது ஆபத்து.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். பட்டா ஒரு வருவாய்ப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. மாநிலம் முழுவதும் 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப்பதிவேடு புதுப்பிக்கும் வேலையில் பெயரும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்கள் உண்டு. பட்டா வேறு ஒருவர் பெயரில் இருப்பதாலேயே உங்கள் சொத்து போய்விடாது, உங்கள் பெயரில் இருப்பதாலேயே தகராறு தீர்ந்தும் விடாது. பட்டா உத்தரவு தவறு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அடுத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. அடிப்படை உரிமையே கேள்விக்குள்ளானால் அதை முடிவு செய்வது சிவில் நீதிமன்றம்தான். இன்னொன்று, வில்லங்கச் சான்றில் எல்லாம் வராது. பதியாத உயில், வாய்மொழி ஏற்பாடு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு போன்றவை அதில் தெரியாமல் போகலாம். எனவே நிலத்துக்கு நேரில் போய், யார் அனுபவிக்கிறார், தேங்காய் யார் போடுகிறார், ரப்பர் யார் வெட்டுகிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

இரண்டாம் படி: அளந்து பார்ப்பது

காகிதம் கைக்கு வந்ததும் இடத்தை அளக்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் பத்து சென்ட் என்றிருக்கும், அளந்தால் ஒன்பதரைதான் வரும். அந்த அரை சென்டைப் பக்கத்துக்காரர் தின்றுவிட்டார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பழைய அளவிலேயே பிழை இருந்திருக்கலாம். பரப்பும் நாலு எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நாலு எல்லைக்கே அதிக மதிப்பு கொடுக்கின்றன. அதனால் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழக்கே யார், மேற்கே எது என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு ஆகிய ஆறில் உங்கள் நிலம் எந்த வட்டத்தில் வருகிறதோ, அங்கே கட்டணம் செலுத்தி எல்லை அளக்க விண்ணப்பியுங்கள். சர்வேயர் பக்கத்து நிலத்தாருக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்து அளப்பார். அந்த நாளில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்துக்காரரையும் நீங்களே ஒரு வார்த்தை மரியாதையாக அழையுங்கள். "நாளைக்கு சர்வேயர் வாறாரு, நீங்களும் நில்லுங்க அண்ணாச்சி" என்ற ஒரு சொல் பல வழக்குகளைத் தவிர்த்திருக்கிறது. அளந்து முடிந்ததும் வரைபடத்தோடு கூடிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அளப்பதற்கு முன் மதில் கட்டாதீர்கள். தகராறு இருக்கும் எல்லையில் அவசரமாக எழுப்பிய மதிலை இடிக்கச் சொல்லிப் பின்னால் உத்தரவு வந்தால், கட்டிய செலவும் இடிக்கிற செலவும் உங்கள் தலையில்தான்.

பக்கத்து வீட்டு அயனிமரமோ தென்னையோ உங்கள் கூரைமேல் சாய்ந்து நின்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. முதலில் உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் புகைப்படத்தோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். விழுந்து ஆளுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவு அதிகாரம் தருகிறது.

வழித் தகராறு

நம் மாவட்டத்தில் வீடுகள் தெருவோரம் வரிசையாக நிற்பது நாஞ்சில் நாட்டு ஊர்களில்தான் அதிகம். மேற்கே போகப் போக ஒவ்வொரு வீடும் தனித்தனி விளைக்குள் இருக்கும். அடுத்தவர் தோப்பு வழியாக நடந்துதான் ரோட்டுக்கு வர வேண்டும். விளை நாலு பிள்ளைகளுக்குப் பங்கானதும் உள்பங்குக்காரருக்கு வழி இல்லாமல் போகிறது. ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிப் போகக்கூட இடமில்லாமல் திண்டாடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்காது. எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த வழி எந்த வகை என்று முதலில் பாருங்கள். புலப்படத்திலும் அ-பதிவேட்டிலும் அது பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அதை யாரும் மறிக்க முடியாது. ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள். 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

தனியார் நிலம் என்றால் 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டத்துக்கு வர வேண்டும். மூன்று விதமாக உரிமை வரலாம். ஒன்று, பத்திரத்திலேயே வழி எழுதிக் கொடுத்திருப்பது, இதுதான் வலுவானது. இரண்டு, அவசியத்தால் வருவது. ஒரே குடும்பச் சொத்தைப் பங்கு வைத்தபோதோ பிரித்து விற்றபோதோ உங்கள் பங்குக்கு வேறு வழியே இல்லாமல் போனால், மற்றப் பங்கின் வழியாகப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. மூன்று, நீண்ட கால அனுபவத்தால் வருவது. இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருக்க வேண்டும். "நடந்துக்கோ மக்களே" என்று அவர் அனுமதித்து நடந்தது அனுமதிதான், எத்தனை வருஷமானாலும் அது உரிமையாக மாறாது.

இதில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. அந்த இருபது வருஷ அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். அதாவது வேலி போட்டு மறித்த பிறகு "பேசித் தீர்க்கலாம்" என்று மூன்று வருஷம் காத்திருந்தால் இந்த வகை உரிமையே கையைவிட்டுப் போகலாம். பேசுங்கள், ஆனால் இரண்டு வருஷக் கணக்கை மறக்காதீர்கள்.

பங்கு வைக்கும்போதே உள்பங்குக்கு எத்தனை அடி அகல வழி, வண்டி போகலாமா, தண்ணீர்க் குழாயும் கழிவுநீரும் அதில் போகலாமா என்பதைப் பாகப்பத்திரத்தில் எழுதி வரைபடமும் இணைத்துவிட்டால், அடுத்த தலைமுறை நிம்மதியாக இருக்கும்.

பெண்களின் பங்கு

"சீதனம் கொடுத்தாச்சு, இனி உனக்கு இங்க என்ன இருக்கு?" என்ற பேச்சு நம் மாவட்டத்தில் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், அதாவது கொல்லம் 1092-ன் சட்டம், மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் மகளுக்குக் கொடுத்தது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-ல் வந்த தீர்ப்பு, 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது. குமரியும் அந்தப் பகுதிதான். எனவே அந்தத் தேதிக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாக. சீதனம் வாங்கியது அந்தப் பங்கைப் பறிக்காது.

இந்துக் குடும்பத்தில் தகப்பனார் தானே சம்பாதித்த சொத்தை உயில் இல்லாமல் விட்டுச் சென்றால், மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவரும், எல்லோருக்கும் சமப்பங்கு. பூர்வீகக் கூட்டுச் சொத்தில், 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் அதுவரை மணமாகாத மகள்களுக்கு உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் அதைத் திறக்க முடியாது. நாஞ்சில் நாட்டில் முன்பு மருமக்கள் வழியில் (சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறையில்) இருந்த குடும்பங்களின் பழைய பாகப்பத்திரங்களில் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அவற்றை அனுபவமுள்ள வக்கீலிடம் காட்டாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இஸ்லாமியக் குடும்பத்தில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. மனைவிக்கு, பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று. அந்தப் பங்கையும் கொடுக்காமல் விடுவது எந்தச் சட்டத்திலும் சரியில்லை.

மூன்று எச்சரிக்கைகள். அப்பா உயிரோடு இருக்கும்போதே "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று மகளிடம் எழுதி வாங்குவதற்குப் பொதுவாகச் சட்ட மதிப்பு இல்லை. வரப்போகும் வாரிசுரிமை என்ற எதிர்பார்ப்பை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இரண்டாவது, அப்பா இறந்த பிறகு "வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து" என்று கூப்பிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனால், அந்தக் காகிதம் முழுவதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாரிசுச் சான்றிதழுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலையே இல்லை. அது வட்டாட்சியர் கொடுப்பது. அங்கே அழைத்தால் பெரும்பாலும் அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். மூன்றாவது, அண்ணன் நெடுநாளாக அனுபவித்து வருவதாலேயே சொத்து அவருடையதாகிவிடாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்குமான அனுபவம் என்பதே சட்டம். ஆனால் அவர் வெளிப்படையாக "உனக்கு உரிமையில்லை" என்று மறுத்து உங்களை விலக்கினால், அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அந்த மறுப்பு வந்த அன்றே தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

புகுந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளப்படும் பெண்ணுக்கு, வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த அந்த வீட்டில் இருக்கும் உரிமையை 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருகிறது. அவசரத்துக்கு 181-ஐ அழைக்கலாம்.

எழுதிக் கொடுத்த பெற்றோரும் எழுதப்போகும் பெற்றோரும்

உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் செயல்படும்; அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இஷ்டதானமோ (விருப்பமாகக் கொடுக்கும் தானப் பத்திரம்) செட்டில்மெண்டோ (குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) பதிவான உடனே உரிமை மாறிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு பிள்ளைக்கு எழுதிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் காலம் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையும், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும்.

பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 2007-ன் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம் ஆகிய இரண்டு கோட்டங்களிலும் இதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியரிடம்தான். வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதியோர் உதவி எண் 14567.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வதே நல்லது. சாட்சிகள் உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருக்கட்டும், ஏனென்றால் பின்னாளில் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

ஒற்றி, வாடகை, கைமாற்று

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒற்றி நம் பக்கத்தில் சகஜம். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒற்றி பதிவாக வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். பதியாத ஒற்றியில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டால், உங்கள் லட்சங்களுக்கு அந்த வீட்டின் மேல் எந்தப் பிடிப்பும் இருக்காது; பணம் கேட்டு வழக்குப் போடத்தான் முடியும். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும், வாங்க வருபவருக்கும் தெரியும்.

வாடகை வீட்டுக்கு 2019 பிப்ரவரி முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். என்ன தகராறானாலும் தண்ணீரையும் கரண்டையும் துண்டிக்க வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை.

கைமாற்றுக்கும் புரோநோட்டுக்கும் வழக்குப் போட மூன்று வருஷம். கடன் வாங்கியவர் அந்த மூன்று வருஷத்துக்குள் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திட்டாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அங்கிருந்து புதிதாக மூன்று வருஷம். செக் திரும்பினால் வங்கித் தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவருக்குக் கிடைத்து பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். கந்துவட்டி, மீட்டர் வட்டி கேட்டு மிரட்டினால் 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது; அது போலீஸ் வழக்கு.

ஊரில் இல்லாதவர்கள்

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்களும் நிறைந்த மாவட்டம் இது. அங்கிருந்து பவர் (உங்களுக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுப்பதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வேண்டும். பவரில் எந்தச் சொத்து, எந்த வேலை என்று குறிப்பாக எழுதுங்கள். "எல்லாம் செய்யலாம்" என்ற பவர் வேண்டாம். கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். வெறும் பவரை வைத்துச் சொத்தை வாங்கினால் உரிமை வராது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வரும் சம்மனைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், பிறகு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்க முப்பது நாள்தான்.

மூன்றாம் படி: எழுத்தில் சொல்வது, தேவைப்பட்டால் போலீஸ்

காகிதமும் அளவும் கையில் வந்ததும் எதிர்த்தரப்புக்கு, சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எது உங்கள் சொத்து, என்ன நடந்தது, எந்தத் தேதியில், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பது மட்டும் போதும். வசவும் மிரட்டலும் அதில் ஒரு வரிகூட வேண்டாம். நாளைக்கு நீதிபதி அதை வாசிப்பார்.

நிலம் யாருடையது என்று முடிவு செய்யும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. ஆனால் அத்துமீறி நுழைவது, மரத்தை வெட்டுவது, மதிலை இடிப்பது, கொலை மிரட்டல், போலிப் பத்திரம் எல்லாம் குற்றம். அதைப் பற்றி மட்டும் புகார் எழுதுங்கள். "என் நிலத்தை மீட்டுத் தாருங்கள்" என்று எழுதினால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி எழுதலாம்:

"இன்ன சர்வே எண்ணில் உள்ள எனது அனுபவ நிலத்தில், இன்ன தேதி காலை ஏழு மணிக்கு, இன்னார் அத்துமீறி நுழைந்து, எல்லையில் நின்ற நாலு தென்னம்பிள்ளைகளை வெட்டினார். தடுத்த என்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார். இன்னின்னார் பார்த்தார்கள். பத்திர நகலும் புகைப்படங்களும் இணைத்துள்ளேன். வழக்குப் பதிவு செய்து நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், அறுபது வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனில் வைத்துச் சொத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரச் சொன்னால் கையெழுத்துப் போட வேண்டாம்.

புகைப்படமும் வீடியோவும் எடுத்த போனை மாற்றும்போது பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள், மூலப்பதிவு தேவைப்படும்.

நான்காம் படி: சமரசம்

ஊர்க் கமிட்டியும் கிறிஸ்தவ ஆலயங்களின் பங்குப் பேரவையும் சமுதாயப் பெரியவர்களும் பேசித் தீர்ப்பது நம் மண்ணின் நல்ல பழக்கம். அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர்கள் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாகாது. பேசி முடித்ததை எழுதி, இரு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட்டு, நிலம் கைமாறுவதாக இருந்தால் பத்திரமாகப் பதிவு செய்தால்தான் அது நிற்கும். ஊர் விலக்கு, அபராதம் என்று மிரட்டிச் சம்மதிக்க வைத்தால் அது சமரசமே இல்லை.

இதைவிட வலுவான வழி நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நடந்துகொண்டிருந்த வழக்கென்றால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். தேசிய உதவி எண் 15100. இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வழக்கு

நாகர்கோவில் தவிர பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி ஆகிய இடங்களிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. நிலம் எங்கே இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பதைப் பொறுத்து எந்த நீதிமன்றம் என்பது முடிவாகும்.

என்ன கேட்டு வழக்குப் போடுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அனுபவம் (நிலம் கைவசம் இருப்பது) உங்களிடம் இருந்து, உரிமையில் சந்தேகமில்லாமல் இருந்தால் நிரந்தரத் தடையாணை போதும். எதிராளி உரிமையையே மறுத்துத் தன்னிடமும் பத்திரம் காட்டினால், உரிமையை அறிவிக்கும்படியும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுபவமும் போய்விட்டது என்றால் மீட்பும் கேட்க வேண்டும். தடையாணை மட்டும் கேட்டுப் பல வருஷம் நடத்தி, கடைசியில் "உரிமை கோரவில்லை" என்று தள்ளுபடியாவது மிகவும் வருத்தமான விஷயம். வக்கீலிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள்.

உங்களைப் பலவந்தமாக வெளியேற்றிவிட்டால், ஆறு மாதத்துக்குள் 'குறிப்பிட்ட பரிகாரச் சட்டம்' (Specific Relief Act) என்ற சட்டத்தின் 6-ம் பிரிவில் வழக்குப் போடலாம். அதில் உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் அனுபவத்தில் இருந்தீர்கள், முறையின்றி வெளியேற்றப்பட்டீர்கள் என்பது போதும். அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவு பயன்படாது. ஆறு மாதம் தாண்டினால் உரிமையை நிரூபித்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கேட்கலாம்.

எதிராளி முந்திக்கொண்டு உங்களுக்குத் தெரியாமல் இடைக்காலத் தடை வாங்கிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் கேவியட் மனு (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டு வையுங்கள், தொண்ணூறு நாள் செல்லும். எல்லை, வழி வழக்குகளில் ஆரம்பத்திலேயே வக்கீல் கமிஷனரை நியமிக்கக் கேளுங்கள்; அவர் சர்வேயரோடு வந்து பார்த்து எழுதும் அறிக்கை பெரிய பலம். உங்கள் மேல் வழக்கு வந்திருந்தால் முப்பது நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் தொண்ணூறு நாள் வரை.

வக்கீலிடம் கொடுக்கும் பணத்துக்கு ரசீதும், தாக்கல் செய்த ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலும் கேளுங்கள். அசல் பத்திரத்தைக் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். வழக்கின் சி.என்.ஆர். எண் பதினாறு இலக்கம் கொண்டது. அதை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவை நீங்களே பார்க்கலாம், ஓமனில் இருக்கும் மகனும் பார்க்கலாம்.

பாகவழக்கில் முதலில் வருவது முதனிலைத் தீர்ப்பாணை. அதில் யாருக்கு எத்தனை பங்கு என்பது மட்டும் இருக்கும். அத்தோடு வழக்கு முடிந்தது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இறுதித் தீர்ப்பாணையும் வாங்க வேண்டும். கமிஷனர் வந்து அளந்து பிரித்து, முத்திரைத்தாளில் தீர்ப்பாணை எழுதி வாங்கிய பிறகுதான் உங்கள் பங்கு என்று ஒரு துண்டு நிலம் உருவாகிறது. தோற்றவர் மாவட்டத்துக்குள் மேல்முறையீடு செய்ய முப்பது நாள், உயர் நீதிமன்றம் என்றால் தொண்ணூறு நாள். நமக்கு அது 2004 முதல் மதுரைக் கிளை. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கப் பொதுவாகப் பன்னிரண்டு வருஷம் உண்டு, ஆனால் இடிக்கவோ அகற்றவோ சொன்ன கட்டளைக்கு மூன்று வருஷம்தான். இறுதித் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடம் பதிந்து, அதே நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவு செய்து தனிப்பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். உட்பிரிவு எண் விழுந்த புதிய புலப்படத்தில் உங்கள் பங்குக்கான வழியும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள்.